ஜோசியர் என்று ஒரு டெஸ்ட்

போன மாதம் ஒரு மதியம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆபீஸில் என் வேலையைப் பார்ப்பவள். முட்டி வலி எப்படி இருக்கிறது, மாம்பலத்தில் மழையா என்றெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், நம்ம பழைய டெஸ்ட் எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டிருக்கோம். அதுல 'ஜோசியர்'னு ஒண்ணு இருக்கு. ஓடி முடிக்க ரொம்ப நேரம் எடுக்குது. எதுக்குன்னு எங்கேயும் எழுதல. எழுதினவங்கன்னு உங்க பேர் போட்டிருக்கு. எடுத்துடலாமா?"

"அதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்," என்றேன்.

சிரித்துவிட்டாள். "அப்போ ஏன்னு எழுதிக் குடுங்க மேடம். இப்ப புதுசா வர்ற சிப்ல மறுபடியும் வேல்யூ பிரெடிக்ஷன் வைக்கப் போறாங்க. பசங்களுக்கு உபயோகமா இருக்கும். ஒரு பக்கம் போதும்."

ஒரு பக்கமாம். வேலை பார்த்த காலம் முழுவதும் அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவளிடம் ஒரு பக்கத்தில் நிறுத்தச் சொன்னால் எப்படி? கேட்டது அவள் குற்றம். அனுபவிக்கட்டும்.

என் வேலை அதுதான். சிப்பை வடிவமைப்பவர்கள் வேறு. அவர்கள் வரைந்தது சிலிக்கனாக மாறுவதற்கு முன்பே அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, எங்கே உடையும் என்று தேடுகிறவள் நான். சாஃப்ட்வேரில் பிழை இருந்தால் அடுத்த வாரம் திருத்தி அனுப்பிவிடலாம். சிப்பில் இருந்தால் அது வாடிக்கையாளர் கையில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு யார் கூப்பிட்டாலும் வராது. அதனால் சிப் தொழிற்சாலைக்குப் போவதற்கு முன் 'சரி' என்று சொல்லும் கடைசி ஆட்களில் நானும் ஒருத்தி. இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல வேண்டிய வயதெல்லாம் தாண்டிவிட்டது.

படிப்பு, முதல் வேலை, பெங்களூரில் கழிந்த சில வருஷங்கள் இதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதான், விட்டுவிடுகிறேன். ஆனால் வேல்யூ பிரெடிக்ஷன் என்றால் என்ன என்று சொல்ல எனக்கு எங்கள் ஜவுளிக்கடை வேண்டும். எங்கள் குடும்பம் தென்காசிப் பக்கம். அப்பா தி. நகருக்கு வந்து, ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடை போட்டார். அங்கே ஆறுமுகம் அண்ணன் என்று ஒரு சேல்ஸ்மேன். வாடிக்கையாளர் படியேறும்போதே அவர் கை தட்டுக்குப் போய்விடும். அந்த அம்மா செருப்பைக் கழற்றி, விசிறிக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்து, "நிச்சயதார்த்தத்துக்கு..." என்று வாயைத் திறக்கும்போது முன்னால் பத்துப் புடவை விரிந்து கிடக்கும். ஊகம் சரியென்றால் அத்தனை நேரம் மிச்சம். தப்பென்றால் முகம் சுளிக்காமல் மடித்து வைத்துவிட்டு, கேட்டதை எடுக்க வேண்டும்.

பிராசஸருக்கும் இதே அவஸ்தைதான். கணக்குப் போடுவது அதற்குக் கண்சிமிட்டும் வேலை. கணக்குக்கு வேண்டிய எண்ணை மெமரியிலிருந்து வரவழைப்பதில்தான் காலம் போகும். எண் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல், "போன தடவை இதுதான் வந்தது, இந்தத் தடவையும் இதுதான் வரும்" என்று ஓர் எண்ணை ஊகித்துக்கொண்டு மேலே வேலையை ஆரம்பித்துவிடுவதுதான் வேல்யூ பிரெடிக்ஷன். நிஜ எண் வந்து சேர்ந்ததும் இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒன்றாக இருந்தால் லாபம். வேறாக இருந்தால் செய்த வேலையையெல்லாம் மடித்து வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஆபீஸ் அடையாறில், கஸ்தூரிபாய் நகர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. மேலதிகாரி ராகவன் சார். மயிலாப்பூர்க்காரர். காலையில் திருமயிலையில் ரயில் ஏறி, எல்லோருக்கும் முன்னால் வந்து, ஏசியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் கவிழ்த்து வைப்பார். எதிரில் இருப்பவர் கொண்டுவந்த காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது டெஸ்ட் எழுதி, ஓட்டி, "பாஸ் சார்" என்று கொண்டுபோனால் பாஸ் ஆனதைப் பார்க்கவே மாட்டார். "இது ஃபெயில் ஆகும்னு நேக்குக் காட்டுங்கோ," என்பார். அதாவது, சிப்பின் வடிவமைப்பில் நாமே வேண்டுமென்று ஓர் இடத்தை உடைக்க வேண்டும், ஒரு கம்பியை அறுக்கிற மாதிரி. உடைத்த பிறகு அதே டெஸ்ட்டை ஓட்டினால் அது கத்த வேண்டும். கத்தினால்தான் அது டெஸ்ட். நான் சேர்ந்த புதிதில், பெருமையாக ஒரு டெஸ்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். எங்கே உடைத்தாலும் அது சமர்த்தாகப் பாஸ் ஆனது. அவர் சிரிக்காமல் சொன்னார், "மீனாட்சி, இது டெஸ்ட் இல்லே. கோவில் மணி. யார் அடிச்சாலும் ஒரே சத்தம்." அன்று முழுவதும் யாரிடமும் பேசாமல் அந்த டெஸ்ட்டைத் திரும்ப எழுதினேன். மறுநாள் அது நன்றாகக் கத்தியது.

இனி இம்தியாஸ். அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்த சிப்பில் ஊகிக்கும் பகுதியை வடிவமைத்தவன் அவன்தான். ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், என்னைவிடச் சின்னவன். மீட்டிங்கில் பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டால் வெளிநாட்டில் படித்தவன் என்று தோன்றும். கதவுக்கு வெளியே வந்த உடனே, "இன்னாக்கா, டீ அடிக்கலாமா?" என்பான். தன் பகுதியை அவன் 'பொட்டி' என்றுதான் சொல்வான். அதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் அந்த யோசனையைச் சொன்னபோது, இது காகிதத்தில்தான் அழகாக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டார்களாம். அதே யோசனையோடு இங்கே வந்தான். ராகவன் சார் மட்டும்தான் முழுவதையும் உட்கார்ந்து கேட்டு, "பண்ணுங்கோ, பார்ப்போம்" என்றார்.

அந்தச் சிப்பில் பொட்டி வேலை செய்தால் அடுத்த சிப்பின் கோருக்கு, அதாவது கணக்குப் போடும் மையப் பகுதி முழுவதற்கும், இம்தியாஸைத் தலைவனாகப் போடுவதாகப் பேச்சு. பேச்சு என்ன, தலைமை அலுவலகத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். எனவே என் கையில் இருந்தது வெறும் பிழைப் பட்டியல் இல்லை. நான் 'சரி' என்றால் அவன் மேலே போவான். 'இல்லை' என்றால் பொட்டியை அணைத்துவிடுவார்கள், அவன் இருந்த இடத்திலேயே இருப்பான். அணைப்பதற்கென்றே சிப்புக்குள் ஒரு சுவிட்ச் வைத்திருப்போம். புதிதாக எதைச் சேர்த்தாலும் அப்படி ஒன்று வைப்பது வழக்கம்.

ஆரம்பத்திலிருந்தே எங்களுக்கு ஒரே பயம், தப்பான ஊகம். பொட்டி தப்பாகச் சொல்லி, அதை நம்பி நாற்பது வேலை நடந்துவிட்டால், ஒன்றுவிடாமல் மடித்து வைக்கிறதா? மடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தப்பான ஊகம் வந்தால்? நடுவில் வேறு ஏதாவது குறுக்கிட்டால்? பொட்டியை வேண்டுமென்றே பொய் சொல்ல வைத்து, விதவிதமாக டெஸ்ட் எழுதினேன். ஒவ்வொன்றையும் உடைத்துக் காட்டி, சாரிடம் ஒப்புதல் வாங்கினேன். இம்தியாஸ் திருத்திக்கொண்டே வந்தான். கடைசியில் எவ்வளவு பொய் சொல்ல வைத்தாலும் பொட்டி சமாளித்துவிட்டது. அவனும் நானும் டீக்கடையில் பஜ்ஜி தின்று கொண்டாடினோம்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. சிலிக்கன் வருவதற்கு முன் சிப் மாதிரியே நடிக்கிற பெரிய மெஷின் ஒன்று உண்டு, அலமாரி அளவுக்கு இருக்கும். எமுலேட்டர் என்போம். அதில் நிஜமான புரோகிராம்களை ஓட்டுவோம். ஒரு நாள் காலையில் அதில் ஒரு புரோகிராம் தப்பான விடையோடு நின்றிருந்தது. மறுபடி ஓட்டினால் சரியாக ஓடியது. இன்னொரு முறையும் சரி. பிறகு இரண்டு நாள் கழித்து, வேறொரு இடத்தில் அதே மாதிரி நின்றது.

அந்தப் புரோகிராமில் இரண்டு கோர்கள் சேர்ந்து வேலை செய்யும். முதல் கோர் ஒரு தகவலை மெமரியின் ஓர் அறையில் வைத்துவிட்டு, பிறகுதான் எந்த அறை என்று ஒரு பலகையில் எண்ணை எழுதும். இரண்டாவது கோர் பலகையில் எண்ணைப் படித்து, அந்த அறைக்குப் போய்த் தகவலை எடுக்கும். சரக்கை வைத்த பிறகுதான் பலகையில் எழுத வேண்டும், அதுதான் விதி. முதல் கோர் விதியைச் சரியாகத்தான் கடைப்பிடித்திருந்தது. இருந்தும் இரண்டாவது கோர் கையில் இருந்தது அந்த அறையின் பழைய தகவல்.

எல்லோருடைய பார்வையும் பொட்டியின் மேல் போனது. இம்தியாஸ் பதிவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"பாருக்கா. பலகைல இன்னா நம்பர் வரும்னு பொட்டி சொல்லிச்சு? பன்னெண்டு. நெஜமா இன்னா வந்துச்சு? பன்னெண்டு. ஊகம் கரெக்டு. என் பொட்டி மேல ஒரு தப்பும் இல்ல. புரோகிராம் எழுதினவன புடிங்க."

பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். இரண்டாவது தடவை நின்ற இடத்திலும் ஊகம் சரி. கூட இருந்தவர்கள் அத்தோடு பொட்டியை விட்டுவிட்டு, புரோகிராமைக் குடையப் போய்விட்டார்கள். டேப்-அவுட், அதாவது வடிவமைப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் நாள், கழுத்துக்கு மேல் வந்து நின்றது. எனக்கு மட்டும் ஓர் எரிச்சல். இரண்டு தடவையும் தப்பு நடந்த இடத்தில் ஊகம் சரியாக இருந்தது ஏன்? ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விடலாம்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நான் எழுதிய டெஸ்ட்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் பொட்டி பொய் சொல்கிறது. ஒன்றிலாவது அது உண்மை சொல்வதைச் சோதித்திருக்கிறோமா? இல்லை. உண்மை சொன்னால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று இருந்துவிட்டோம். சொல்லி வைத்த மாதிரி அத்தனை பேரும்.

அன்று எழுதியதுதான் ஜோசியர். பலகையில் அடுத்து என்ன எண் வரும் என்பது டெஸ்ட்டை எழுதுகிற எனக்குத் தெரியும். அதை முன்கூட்டியே பொட்டியின் காதில் ஓதிவிட்டேன். அதனால் ஜோசியரின் ஊகம் ஒரு தடவைகூடத் தப்பாது. அதோடு, பலகையின் நிஜ எண் வந்து சேர்வதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினேன். அவ்வளவுதான். இதைவிட நல்ல பொட்டி உலகத்தில் இருக்க முடியாது. ஓட்டிவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் ஃபெயில் என்று திரை சிவந்திருந்தது.

அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிழை பிடிக்கிறவளுக்கு அதைவிட வேறு சுகம் கிடையாது. இம்தியாஸின் ஞாபகம் வந்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே இறங்கிவிட்டது.

முதலில் ராகவன் சாரிடம் போனேன். அவர் ஃபெயில் ஆனதைப் பார்க்கவில்லை. "இது எப்பப் பார்த்தாலும் கத்திண்டே இருக்கற டெஸ்ட்டா? பாஸ் ஆகும்னு காட்டுங்கோ," என்றார். பொட்டியை அணைத்து ஓட்டிக் காட்டினேன், பாஸ். பொட்டியைப் போட்டுவிட்டு, தாமதத்தை எடுத்து ஓட்டினேன், பாஸ். முதல் கோரை நிறுத்திவிட்டு, அறைகளில் யாரும் எதையும் மாற்றாதபடி செய்து ஓட்டினேன், பாஸ். எல்லாவற்றையும் பழையபடி வைத்ததும் கத்தியது. அவர் ஒரு மர ஸ்கேலைத் திரையில் செங்குத்தாக வைத்து, நேரக்கோட்டில் அதை இம்மி இம்மியாக நகர்த்தினார். இரண்டாவது கோர் அறையைப் படித்த இடத்தில் ஒரு தடவை நிறுத்தினார். அதற்குப் பிறகு முதல் கோர் அந்த அறையில் எழுதிய இடத்தில் இன்னொரு தடவை. பலகையின் எண் வந்து, ஊகம் சரி என்று பொட்டி தலையாட்டிய இடத்தில் மூன்றாவது தடவை. ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"இம்தியாஸ்கிட்ட நீங்களே சொல்லிடுங்கோ," என்றார். "மீட்டிங்ல வெச்சு அவனுக்குத் தெரிய வேண்டாம்."

டீக்கடைக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"பொய் சொல்ல வெச்சு வெச்சு என் பொட்டிய மாட்ட பாத்தீங்க, மாட்டல. இப்போ கரெக்டா சொல்றதே தப்புன்றியா? இன்னா நியாயம்க்கா இது?"

"கடை உதாரணம் சொல்றேன், கேளு. எங்க அப்பா கடையில ஒரு விதி. புதுச் சரக்கு வந்தா மொதல்ல தட்டுல அடுக்கணும். அப்புறம்தான் அதுல ஒண்ணை வாசல் ஷோகேஸ்ல கட்டணும். வர்றவங்க ஷோகேஸ்ல இருக்கறதைத்தான் கேப்பாங்க. ஆறுமுகம் அண்ணன் என்ன பண்றாரு, இன்னிக்கு நாலாம் தட்டுப் புடவைதான் ஷோகேஸ்ல இருக்கும்னு ஊகிச்சு, காலையிலேயே நாலாம் தட்டுலேருந்து ஒண்ணை எடுத்து மேஜைல போட்டுடறாரு. அதுக்கப்புறம்தான் பையன் நாலாம் தட்டுல புதுச் சரக்கை அடுக்கறான், ஷோகேஸ்லயும் கட்டறான். அண்ணன் இப்ப எட்டிப் பாக்கறாரு. ஷோகேஸ்ல நாலாம் தட்டு. ஊகம் சரி. ஆனா மேஜைல இருக்கறது எது?"

இம்தியாஸ் டம்ளரை மறுபடி கையில் எடுத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

"அது உன் ஜோசியர்க்கா," என்றான். "நீ காதுல ஓதிக்கினு குத்தம் சொல்ற. என் பொட்டிக்கு யாரும் ஓத மாட்டாங்க. எழுதாத நம்பர அதுக்கு எப்டித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இருந்த பதில்தான் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அந்த மாதிரி புரோகிராம்களில் அறைகள் வட்டமாக வரும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று போய்த் திரும்ப முதலில் ஆரம்பிக்கும். அவன் பொட்டி அந்த வரிசையைக் கவனித்து, அடுத்தது என்ன என்று தானாகக் கற்றுக்கொள்ளும். அதுதான் அதன் கெட்டிக்காரத்தனமே.

"உன் பொட்டி மட்டமா இருந்திருந்தா இந்தப் பிழை வந்திருக்காதுப்பா," என்றேன்.

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த வாரம் என்னிடம் பேசவில்லை. காரிடாரில் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வான், திரை அணைந்திருப்பது எனக்குத் தெரியும். பக்கத்து மேஜைக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையும் நன்றாக இல்லை. டேப்-அவுட் நேரத்தில் பிழை கொண்டுவருகிறவளை யார்தான் கொஞ்சுவார்கள்? அதற்கெல்லாம் நான் பழகியவள். இம்தியாஸின் மௌனத்துக்குத்தான் பழகவில்லை.

பிறகு ஒரு நாள் மதியம் என் மேஜைக்கு வந்தான். லேப்டாப்பை என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தான். ஜோசியரை எடுத்துவிட்டு, தன் பொட்டியை அப்படியே வைத்து, மெமரியை மட்டும் மெதுவாக்கி அவனே ஒரு டெஸ்ட் எழுதியிருந்தான். யாரும் காதில் ஓதவில்லை. திரை சிவப்பாக இருந்தது.

"நானே மாட்டிக்கினேன்க்கா," என்றான். பிறகு என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வாழைக்காய் வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அடுத்து தலைமை அலுவலகத்தோடு போன் கால். எங்கள் பிரிவின் தலைவர் வெளிநாட்டில் இருந்தார். நான் விளக்கினேன், இம்தியாஸின் டெஸ்ட்டையும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது எவ்வளவு அபூர்வமாக வரும் என்று விசாரித்தார். மிகவும் அபூர்வம்தான் என்றேன், பொய் சொல்லவா முடியும்? அப்படியானால் பொட்டியைப் போட்டே அனுப்பலாமே, சாஃப்ட்வேர்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை எழுதிக் கொடுத்துவிடலாம், பொட்டி தரும் வேகத்தைச் சொல்லித்தானே சிப்பை விற்கப்போகிறோம் என்றார். திருத்துவதற்கு அவகாசம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ராகவன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். போனில் இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் தொடர்ந்து, இது இம்தியாஸின் வடிவமைப்பு, அவரே சொல்லட்டும், போடலாமா அணைக்கலாமா என்று கேட்டுவிட்டார்.

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'போடலாம்' என்று அவன் சொல்லியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். மேலிருந்தே வழி திறந்துவிட்டார்கள். அடுத்த சிப்பின் தலைமை, முன்பு ஒதுக்கியவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பது எல்லாமே அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

இம்தியாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான், "அணைத்துவிடுங்கள். எப்போது தப்பாகும் என்று எனக்கே தெரியாத ஒன்றை என்னால் அனுப்ப முடியாது."

கால் முடிந்ததும் ராகவன் சார் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை. "ஆத்துக்கு வாங்கோ, ஒரு நாள் சாப்பிடலாம்," என்றார். பிழை பிடித்ததற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அன்றும் அதற்காக வருத்தப்படவில்லை. அதன் விலை இம்தியாஸின் தலையில் விழுந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

சிப் பொட்டி அணைந்த நிலையில் வெளியே போனது. நன்றாகவே விற்றது, சொன்னதைவிட வேகம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். அடுத்த சிப்பின் தலைமை வேறொருவருக்குப் போனது. இம்தியாஸ் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. டீக்கடையில்கூட அந்தப் பேச்சை எடுக்க மாட்டான். அந்த அடுத்த சிப்புக்காக மறுபடி முதலிலிருந்து பொட்டியை எடுத்துப் பிரித்தான்.

திருத்தம் கேட்க எளிமையானது, செய்வதுதான் கஷ்டம். ஊகித்து எடுத்த ஒவ்வொன்றின் மேலும், நிஜ எண் வந்து சேரும்வரை ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அதற்குள் வேறொரு கோர் அந்த அறையைத் தொட்டுவிட்டால், ஊகம் சரியாகவே இருந்தாலும் மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். அதாவது, சரியாகச் சொன்ன பொட்டியையும் சில சமயம் நம்பக் கூடாது. தன் பொட்டிக்கு எதிராகவே அப்படி ஒரு காவலை அவன் கட்டினான். முதல் தடவை ஜோசியரை ஓட்டியபோது கத்தியது. கண் வைக்கிற காவல்காரன் ஒரு மூலையில் தூங்கிவிட்டிருந்தான். அதையும் திருத்தினான். பிறகு ஜோசியர் வாயைத் திறக்கவில்லை.

நான் விடவில்லை. அதற்குள் ராகவன் சார் ஓய்வு பெற்று, அவர் நாற்காலிக்கு நான் வந்திருந்தேன். காவலை ஒவ்வொரு இடத்திலும் உடைத்து ஓட்டினேன். உடைத்த ஒவ்வொரு தடவையும் ஜோசியர் கத்தியது, உடைக்காமல் ஓட்டியபோதெல்லாம் அமைதியாக இருந்தது. எமுலேட்டரில் அந்தப் பழைய புரோகிராமை வாரக்கணக்கில் ஓடவிட்டேன். காவல் வைத்ததில் வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தக் கணக்கை இம்தியாஸிடம் காட்டியபோது, "போவட்டும் வுடுக்கா, மீதி கீதுல்ல," என்றான்.

அந்தச் சிப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் நாள் வந்தது. 'கையெழுத்து' என்று பேச்சுக்குச் சொல்வோம், உண்மையில் திரையில் ஒரு பொத்தான்தான். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பேர் அழுத்த வேண்டும். வடிவமைத்தவர் முதலில், சோதித்தவர் அடுத்து. எந்த ஆபீஸிலும் அதுதான் முறை. பொட்டியைப் போட்டே அனுப்பலாம் என்ற வரிக்கு நேரே இம்தியாஸின் பெயர் காத்துக்கொண்டிருந்தது. புதுச் சிப்பின் தலைவர், மற்ற பிரிவுக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

இம்தியாஸ் மவுஸில் கை வைத்தான். கையை எடுத்துவிட்டான். அத்தனை பேர் முன்னாலும் மவுஸை என் பக்கம் தள்ளினான்.

"நீ மொதல்ல போடுக்கா," என்றான். "நீ போடுவேன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா ஊகம் கரெக்டானாலும், நீ போட்டப்புறம்தான் நான் போடுவேன்."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மவுஸைப் பிடித்து அழுத்தினேன். திரையில் என் பெயர் பச்சையாக மாறும்வரை அவன் காத்திருந்தான். பிறகு அவனும் அழுத்தினான்.